வேம்பு போட்ட ஒற்றை நட்சத்திரம்

செல்போனில் கதை படிக்கிறவர்கள் நடுவில் வேம்பு என்ற பெயர் கொஞ்சம் பிரசித்தம். அது புனைபெயர் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதுகிற கருத்தெல்லாம் கசக்கிறதே, பொருத்தமாகத்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு எழுத்தாளரே நொந்துபோய் எழுதியிருந்தார். உண்மையில் அது அவளுடைய அப்பா வைத்த பெயர். முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இதுவாவது எமனுக்குக் கசக்கட்டும் என்று வேம்பு என்று கூப்பிட்டார்கள். அவள் தங்கிவிட்டாள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் வேம்புவுக்குப் பேக்கிங் வேலை. கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, லாரிக்கு அனுப்புவார்கள். கை வேலையில் இருக்கும்போது வேம்புவின் மனது கதையில் இருக்கும். காலையில் பஸ்ஸில் ஒரு அத்தியாயம், டீ வரும்போது ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு. மாயாஜாலக் கதையும் காதல் கதையும்தான் அவளுக்கு உயிர். கதையை முடித்த கையோடு, கதைகள் வருகிற செயலியில் கதைக்குக் கீழே உள்ள கட்டத்தில் தன் கருத்தை எழுதி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட்டுவிடுவாள். பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். வேறு மாதிரி எழுத அவளுக்கு வராது.

மேகத்துக்கு மேலே கட்டிய கோட்டையைத் தேடி ஒரு இளவரசி மாசக்கணக்கில் காட்டில் நடக்கிற கதை ஒன்று. ஆயிரக்கணக்கானவர்கள் கொண்டாடிய கதை. அதற்கு வேம்பு எழுதினாள்: ‘சிங்கம் பேசுது, மரம் நடக்குது, எல்லாத்தையும் நம்பிட்டேன். ஆனா இந்தப் பொண்ணு இத்தனை மாசம் நடந்தும் ஒரு தடவைகூட வூட்டுக்குத் தூரமாவலையே, அதை எப்புடி நம்புறது? பசிக்கவும் இல்ல. செருப்பு அறுந்துபோவல. மந்திரம் தெரிஞ்சவங்களுக்கும் காலு வலிக்கும்னு நெனைக்கிறேன். ரெண்டு நட்சத்திரம்.’

கம்பெனி முதலாளி தன்னிடம் வேலை பார்க்கிற பெண்ணையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிற இன்னொரு நாவலுக்கு, ‘கம்பெனியை யாருங்க பாக்குறது? எங்க முதலாளி லோடு ஏத்துற நாள்ல பொண்டாட்டி போன் பண்ணாலே எடுக்க மாட்டாரு’ என்று எழுதினாள். செத்துப்போன காதலன் கடைசி அத்தியாயத்தில் தங்க மீனாக இருந்து மனிதனாகத் திரும்பி வந்த கதையின் மேல் அவளுக்கு உண்மையான கோபம். ‘அவன் செத்ததுக்கு நான் ரெண்டு நாள் சோறு எறங்காம இருந்தேன். திரும்பி வருவான்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். செத்தவங்க வர மாட்டாங்கன்னு தெரிஞ்சதுனாலதான் அழுவுறோம்’ என்று எழுதினாள்.

பாராட்டவும் செய்வாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஒருத்தியும் மனைவியை இழந்த கண்டக்டர் ஒருத்தரும் பழகுகிற கதைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘அவரு அவளுக்கு ஒரு தடவைகூட ஐ லவ் யூ சொல்லல. மழை வந்தப்ப பூக்கூடையத் தூக்கி உள்ள வெச்சாரு. எனக்கு அது போதும்’ என்று எழுதியிருந்தாள். அந்தக் கதையை எழுதியவர் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாராம்.

வேம்புவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதற்குப் பின்னால் ஒரு சோகக் காதல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். நல்லூரிலிருந்து ஒரு வரன் வந்து பேசி முடித்தார்கள். தாம்பூலம் மாற்றுவதற்குள் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை வீட்டார் ஒரு வருஷம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். அந்த மாப்பிள்ளையின் முகம்கூட அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. தம்பி ராஜவேல் அப்போது படித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. வேம்பு வேலைக்குப் போனாள். தம்பி படித்து முடித்து, எலக்ட்ரிக் கடை வைத்து, சுபாஷினியைக் கட்டிக்கொண்டு வந்தபோது, அக்காவுக்கும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. அம்மா காலமான பிறகு பூதாமூரில் தம்பி வீட்டிலேயே இருக்கிறாள். சுபாஷினி நல்ல பெண். “அண்ணி, கண்ணு போயிடப்போவுது, போனைக் கீழ வைங்க” என்பதைத் தவிர வேறு சடைப்பு கிடையாது.

யூனிட்டில் வேம்புவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் ராஜாம்பாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இறந்து சில வருஷங்கள் ஆகிறது. அவன் இருந்த காலத்தில் சில நாள் ராஜாம்பாள் வேலைக்கு வரும்போது முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக அப்பியிருக்கும். அன்றைக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு பக்கத்து வாயாலேயே மெதுவாக மெல்லுவாள். சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்த நாட்களும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து வேம்பு அதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் ‘தணலில் பூத்த தாழை’ என்ற நாவலைப் படித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எழுதியவர் பெயர் கார்முகில். அந்தச் செயலியில் அன்றைக்கு எல்லாரும் படித்துக்கொண்டிருந்த காதல் நாவல் அது. கதாநாயகன் ருத்ரன் பெரிய பணக்காரன், முன்கோபி. கட்டிய மனைவி யாழினியைச் சந்தேகப்பட்டு ஒருநாள் ஓங்கி அறைகிறான். உதடு கிழிந்து ரத்தம் வருகிறது. மறுநாள் காலையில் அவள் பால்கனியில் உட்கார்ந்து ஆப்பிளைக் கடித்துத் தின்றுகொண்டே, அவனுக்கு ஏன் இத்தனை கோபம் என்று யோசிக்கிறாள். போகப்போக, சின்ன வயதில் அவனை அவன் அம்மா விட்டுவிட்டுப் போனது தெரிகிறது. கடைசியில் அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கதறுகிறான். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்கிறாள். கீழே நூற்றுக்கணக்கில் இதயப் படங்கள். எனக்கும் ஒரு ருத்ரன் வேணும் என்று பெண்கள் எழுதியிருந்தார்கள்.

வேம்பு ஒற்றை நட்சத்திரம் போட்டாள்.

‘இதை எழுதினவங்க அடி வாங்குன பொம்பளை பக்கத்துல ஒரு நாளாவது உக்காந்து சாப்புட்டிருக்க மாட்டாங்க. உதடு கிழிஞ்ச மறுநாள் ஆப்பிள் கடிக்க முடியாதுங்க. சோத்தையே கரைச்சுதான் குடிக்கணும். இதுகூடத் தெரியாம எழுதுறதா இருந்தா அடிக்கிற மாதிரி எழுதாதீங்க. எழுதுற கைக்கு ஒரு நாயம் வேணும்.’

கார்முகிலின் வாசகிகள் கொதித்துப்போனார்கள். அவளுக்குப் பொறாமை என்றார்கள். காதல் என்றால் என்னவென்று தெரியுமா என்றார்கள். ஒருத்தி, ‘மேடம், மொதல்ல உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று கேட்டிருந்தாள். வேம்பு மற்ற எதற்கும் பதில் சொல்லவில்லை. இதற்கு மட்டும், ‘ஆவல. கண்ணு இருக்குது’ என்று எழுதினாள்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கார்முகிலிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. திட்டத்தான் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துத்தான் வேம்பு திறந்தாள்.

‘அக்கா, ஆப்பிள் விஷயம் நீங்க சொன்னதுதான் சரி. கடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். கதையிலயாவது அவ கடிக்கட்டுமேன்னு.’

வேம்பு அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டாள். எத்தனையோ கதைகளைப் பற்றி யோசிக்காமல் எழுதியவளுக்கு இந்த ஒரு வரிக்குப் பதில் எழுத விரல் வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ‘சாப்புட்டியாம்மா?’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

‘சாப்புட்டேன்க்கா. இன்னைக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்’ என்று உடனே பதில் வந்தது.

அப்படித்தான் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். கார்முகிலின் சொந்தப் பெயர் மோகனப்பிரியா. ஊர் பக்கத்திலேதான், பெண்ணாடம். வயது முப்பதுகூட ஆகவில்லை. கணக்கில் பட்டம் வாங்கியவள். புருஷன் தேவநாதன் டிராக்டர் வைத்துக் கரும்பு லோடு அடிக்கிறான். இளமதி என்று ஐந்து வயதில் ஒரு மகள். சோறு பொங்குகிற நேரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டே போனில் தட்டித்தட்டித்தான் அத்தனை அத்தியாயங்களையும் எழுதியிருக்கிறாள். அவள் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது.

‘எப்பவும் இப்புடி இல்லக்கா. நல்லா இருக்கறப்ப ரொம்ப நல்லா இருப்பாரு. அப்புறம் என்னா ஆவும்னே தெரியாது. அடிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி காப்பி கேப்பாரு. அதான் ருத்ரனை அழ வெச்சேன்’ என்று ஒருநாள் எழுதினாள்.

வேம்புவுக்கு ஒரு பெரிய குழப்பம் வந்தது. அந்தக் கருத்தை எடுத்துவிட வேண்டுமா? அடி வாங்கினவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று, அடி வாங்குகிறவளையே பார்த்து எழுதியிருக்கிறாள். ஆனால் கதை பொய்தானே? அடித்தவன் அழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதைப் படிக்கிற சின்னப் பெண்கள் நம்புவார்களே?

ராஜாம்பாளிடம் கேட்டாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை. இப்படி ஒரு கதை, கேட்டுவிட்டுச் சொல் என்று, மத்தியானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினாள். ராஜாம்பாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அறைகிற இடத்தில் அவள் திட்டுவாள் என்று வேம்பு எதிர்பார்த்தாள். ராஜாம்பாள் சும்மா வைக்கோலைத் திரித்துக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தில் ருத்ரன் காலைப் பிடிக்கிற இடம் வந்தபோது அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“என்னாக்கா, இதுக்குப் போயி அழுவுற?” என்றாள் வேம்பு.

“ஒரே ஒரு தடவை அந்த ஆளு இப்புடி உக்காந்திருந்தா நான் மன்னிச்சிருப்பேன்டி.”

“மன்னிச்சிருப்ப. மறுவாரம் மறுபடி அடிச்சிருப்பாரு.”

“அடிச்சிருப்பாருதான். எனக்குத் தெரியாதா?” ராஜாம்பாள் மூக்கைச் சிந்தினாள். “சாவுற வரைக்கும் தப்புன்னு ஒரு வார்த்தை அந்த வாயிலேருந்து வரலடி. கதையில வருது. கேட்டுக்கிட்டுப் போறேன். உனக்கென்னா?”

வேம்பு போனைக் கீழே வைத்தாள். அந்த நூற்றுக்கணக்கான இதயப் படங்களைப் போட்டவர்கள் யாராக இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தாள். பைத்தியக்காரப் பெண்கள் என்று அவர்களை நினைத்திருந்தது அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் ஒற்றை நட்சத்திரத்தை எடுக்கவில்லை. மோகனப்பிரியாவுக்கு அதையும் நேராகவே எழுதினாள். ‘உன் கதையைக் கேட்டு இங்க ஒரு அக்கா அழுதுச்சும்மா. ஆனா கதை தப்புன்னுதான் எனக்கு இன்னமும் தோணுது. எடுக்க மாட்டேன், கோவிச்சுக்காத.’

‘எடுக்காதீங்க. நீங்க ஒருத்தருதான் நெஜத்தைச் சொன்னீங்க’ என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு மோகனப்பிரியா காதல் கதையை விட்டுவிட்டு ஒரு மாயாஜாலக் கதை எழுத ஆரம்பித்தாள். வெளியிடுவதற்கு முன்னால் வேம்புவுக்குத்தான் அனுப்புவாள். ஆற்றங்கரையில் ஒரு கோட்டை. அதன் ராஜாவுக்குக் கோபம் வந்தால் கோட்டைச் சுவரெல்லாம் கொதிக்கும். ராணி குளிர்ந்த இடம் தேடி அறை அறையாக ஓடுவாள். ஒருநாள் ஆற்றில் மீன் பிடிக்க வந்த கொக்கு ஒன்று அவளுக்குத் தன் இறகைக் கொடுக்கிறது. அவளுக்குச் சிறகு முளைக்கிறது. கோபுர உச்சியிலிருந்து அவள் பறந்து போகிறாள்.

வேம்புவுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்தது. சுவர் கொதிக்கிற இடத்தில் அவளுக்கே வேர்த்தது. அவள் எழுதினாள்: ‘இதுவரைக்கும் நீ எழுதுனதுல இதுதான் கதை. பறக்குற எடம் நல்லாருக்குது. ஆனா ஒண்ணு. மூணாவது அத்தியாயத்துல தொட்டில்ல ஒரு பொண்ணு தூங்குச்சே. ராணி பறந்துட்டா, அது எங்க?’

பதில் வரவில்லை. அந்த வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. பொங்கலும் வந்து போயிற்று. செயலியில் கார்முகில் எங்கே என்று வாசகிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேம்பு வேலையில் தடுமாறினாள். கேட்டிருக்கக் கூடாதோ, கதைதானே, பறந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாமோ என்று மனது அடித்துக்கொண்டது. வேறு எந்தக் கதையும் அவளுக்கு ஓடவில்லை.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செய்தி வந்தது. ‘அக்கா, கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வரேன். பிராது கட்டப் போறேன்னு வூட்டுல சொல்லியிருக்கேன். நீங்க வர முடியுமா?’

வேம்பு லீவு சொல்லிவிட்டு ஓடினாள். மணவாள நல்லூரில் இருக்கிற அந்தக் கோயில் விருத்தாசலத்திலிருந்து பக்கம்தான். களவு போனவர்கள், ஏமாந்தவர்கள், பங்காளித் தகராறில் நொந்தவர்கள் எல்லாரும் வந்து தங்கள் குறையைச் சாமிக்கு மனுவாக எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். பிராது கட்டப் போகிறேன் என்று சொல்கிற பெண்ணை எந்த வீட்டிலும் தடுக்க மாட்டார்கள். தடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் இருக்கும்.

மரத்தடியில் மஞ்சள் சேலையில் ஒல்லியாக ஒருத்தி நின்றிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை. இவ்வளவு சின்னப் பெண்ணாக இருப்பாள் என்று வேம்பு நினைக்கவில்லை. முகத்தில் காயம் எதுவும் இல்லை. நடக்கும்போதுதான் இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து நடந்தாள்.

“வேம்பக்காவா?”

“ஆமாம்மா. பிராது கட்டிட்டியா?”

“கட்டல. பேனாவை எடுத்துட்டேன். யாரு மேல எழுதுறதுன்னு தெரியல. அவரு பேரை எழுத கை வரமாட்டேங்குதுக்கா.”

குழந்தைக்கு ஒரு பொரி உருண்டை வாங்கிக் கொடுத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மோகனப்பிரியா சொன்னாள்: “நீங்க கேட்டீங்களே, தொட்டில்ல இருந்த புள்ளை எங்கன்னு. அன்னையிலேருந்து எழுத முடியலக்கா. அந்தப் புள்ளையை எங்க வெக்கிறதுன்னு எனக்குத் தெரியல. தெரியாமதான் அதை மறந்த மாதிரி எழுதினேன். நான் போயிடலாம். எங்கயாவது வேலை கெடைக்கும். இவளைத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்? வேப்பூர்ல அம்மா வூட்டுக்குப் போனா, அண்ணன் மறுநாளே கொண்டாந்து வுட்டுட்டுப் போயிடுது.”

“இந்த இடுப்புக்கு என்னா?”

“கீழ வுழுந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, உடனே தலையைக் குனிந்துகொண்டு, “தள்ளிட்டாரு” என்றாள்.

வேம்புவுக்குக் கதையைப் பற்றித்தான் பேசத் தெரியும். ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்து அழும்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. தட்டிக்கொடுக்கலாமா வேண்டாமா என்று கையைத் தூக்கித் தூக்கி வைத்தாள். கடைசியில் சொன்னாள்: “ஆலடி ரோட்டுல ராஜாம்பாள்னு ஒரு அக்கா இருக்குது. தனியா இருக்குது. மவன் மெட்ராஸ்ல. ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது. நான் ஒண்ணும் இப்பவே வான்னு சொல்லல. எடம் இருக்குதுன்னு சொல்லி வெக்கிறேன், அவ்ளோதான்.”

மோகனப்பிரியா அன்றைக்கு வரவில்லை. மத்தியானப் பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெண்ணாடத்துக்கே போய்விட்டாள். ஜன்னல் வழியாக, “போயிட்டு வரேன்க்கா” என்றாள். பஸ் போன பிறகும் வேம்பு ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். பிடித்து இறக்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது. பிடித்து இறக்க நான் யார் என்றும் தோன்றியது.

பங்குனி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிகிற நேரத்தில், யூனிட் வாசலில் மோகனப்பிரியா வந்து நின்றாள். ஒரு துணிப்பை, இளமதி, அவ்வளவுதான். இந்தத் தடவை முகத்திலும் காயம் இருந்தது. ராஜாம்பாள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். எதுவும் கேட்காமல் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் அரிசியைக் குழையக் குழைய வேக வைத்துக் கஞ்சியாக்கி, ஆற்றி, அவள் கையில் கொடுத்தாள்.

தம்பி ராஜவேலுக்கு விஷயம் தெரிந்தபோது பயந்துதான் போனான். “அடுத்தவன் குடும்பத்துல நாம பூந்தா நாளைக்கி நம்ம வூட்டு வாசல்ல வந்து நிப்பானுங்கக்கா” என்றான். சுபாஷினிதான் அவனை அடக்கினாள். மறுநாள் மோகனப்பிரியா மகளிர் காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போனபோது, வேம்புவோடு அவளும் கூடப் போனாள்.

தேவநாதன் இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாம்பாள் வீட்டுக்கு வந்தான். கூட அவனுடைய பெரியம்மாவும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும். வேம்பு அப்போது அங்கேதான் இருந்தாள். முரடனாக ஒருத்தன் வருவான் என்று அவள் நினைத்திருந்தாள். வந்தவன் சவரம் செய்யாத முகத்தோடு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருந்தான். இளமதி “அப்பா!” என்று ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவன் குழந்தைக்கு முத்தம் கொடுத்தான். பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் மோகனப்பிரியாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான். தப்பு, தப்பு என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். சிமெண்டுத் தரையில் அவன் கண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“ஆம்பளை காலப் புடிச்சிட்டான். இதுக்கு மேல என்னாம்மா வேணும் உனக்கு?” என்றாள் பெரியம்மா.

மோகனப்பிரியா கல் மாதிரி நின்றாள். வேம்புவின் பக்கம் திரும்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இதே மாதிரிதான்க்கா நான் எழுதினேன்” என்றாள். பிறகு, “நீங்க சொல்லுங்கக்கா” என்றாள்.

கதைக்குச் சொல்கிற மாதிரி இதற்குச் சொல்லிவிட முடியுமா? ஒரு குழந்தையின் அப்பா கீழே கிடக்கிறான். வேம்பு அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள்.

“அவரு அழுவுறது நெசந்தான்மா. நடிப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நெசமா அழுவுறவன் இனிமே அடிக்க மாட்டான்னும் நான் சொல்ல மாட்டேன்.”

ராஜாம்பாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்கள் தேவநாதனின் குனிந்த தலை மேலேயே இருந்தன.

“நானா இருந்தா இந்நேரம் பையத் தூக்கியிருப்பேன்” என்றாள் ராஜாம்பாள். “அவரோடயே கெளம்பியிருப்பேன். அதனாலதான் சொல்றேன். நீ போவாத.”

மோகனப்பிரியா மெதுவாகக் குனிந்து அவன் விரல்களைத் தன் காலிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கினாள். “புள்ளையைப் பாக்கணும்னா வாங்க. இங்கயே பாத்துட்டுப் போங்க. நான் வரல” என்றாள்.

பெரியம்மா கத்தினாள். ஊர்க்காரர்கள் சட்டம் பேசினார்கள். தேவநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குழந்தையின் தலையைத் தடவிவிட்டு வெளியே போனான். வாசலில் கண்ணெதிரே கிடந்த செருப்பை அவன் தேடிக்கொண்டிருந்ததை வேம்பு பார்த்தாள். அவன் கத்திவிட்டுப் போயிருந்தால் எல்லாருக்கும் எளிதாக இருந்திருக்கும். அவன் மாறியிருப்பானோ, மாற மாட்டானோ, அதை இனி யாராலும் அறிய முடியாது. அந்தக் கேள்வி வேம்புவின் நெஞ்சில் ரொம்ப நாள் கனத்தது. தான் சொன்னது சரி என்று ஒரு நாளும் பெருமையாக அவளுக்குத் தோன்றியதில்லை.

மோகனப்பிரியா இப்போது கடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இளமதியை ஸ்கூலில் சேர்த்தாயிற்று. சில நாள் அப்பா வேண்டும் என்று அழும். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் பேச்சு ஓடாது. கொதிக்கும் கோட்டைக் கதை பாதியிலேயே நிற்கிறது. ராணி கோபுரத்தின் மேல் நிற்கிறாள். அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

“எழுத வரலக்கா. முன்னாடியெல்லாம் அடுப்படியில நின்னா தானா வரும். இப்ப நேரம் இருக்குது, வரல” என்று அவள் ஒருநாள் சொன்னாள். வேம்பு அவளை அவசரப்படுத்தவில்லை. வேறு கதைகளைப் படித்துக்கொண்டு, பழைய மாதிரியே கருத்து எழுதிக்கொண்டு இருந்தாள்.

வழக்கு நடக்கிறது. போன மாதம் வாய்தாவுக்கு வேம்புவும் கூடப் போயிருந்தாள். கோர்ட்டு வளாகத்தில் கூட்டம். இவர்களைக் கூப்பிட நேரமாகும் என்றார்கள். இருவரும் புங்க மரத்தடியில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மோகனப்பிரியா போனை எடுத்தாள். எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். கூப்பிடுகிற சத்தம் எதுவும் அவள் காதில் விழவில்லை. வரிகள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தன.

வேம்புவின் கண் அந்தப் பக்கம் ஓடியது. பஸ்ஸில் பக்கத்து ஆள் வைத்திருக்கிற பேப்பரைக்கூட விடாமல் படிக்கிறவள் அவள். ‘ராணி’ என்று முதல் வார்த்தை தெரிந்தது. அதற்குள் வேம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து, சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, கேட் பக்கம் வறுத்த வேர்க்கடலை விற்கிறவனை நோக்கி நடந்தாள்.